தீக்காயமடைந்த குழந்தைக்குத் தூக்க மருந்து: கூடுவது நேரமா, ஆழமா?

காலையில் எழுந்ததும் ஸ்மார்ட்வாட்ச்சில் தூக்கக் கணக்கைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? 'மொத்தம் 7 மணி 20 நிமிடம், ஆழ்ந்த தூக்கம் 50 நிமிடம்' என்று அது காட்டும். மொத்த நேரம் சரியாக இருந்தும் உடம்பு அசதியாக இருந்தால், இரண்டாவது எண்ணைப் பார்த்து 'ஓ, அதான் இப்படி இருக்கா' என்று நினைத்துக்கொள்வோம்.

இதே கணக்கை ஒரு மருத்துவமனையின் தீக்காய வார்டுக்குக் கொண்டு போவோம். அங்கே கட்டிலில் ஒரு குழந்தை, பக்கத்தில் நாற்காலியில் அம்மா. மூன்று இரவுகளாக இருவருமே சரியாகக் கண் மூடவில்லை. நான்காவது நாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி பூரா தூங்கவே மாட்டேங்குது டாக்டர், தூங்குறதுக்கு ஏதாச்சும் கொடுங்க."

மருந்து கொடுக்கிறார்கள். மறுநாள் காலை நர்ஸ் கேட்கிறார்: "நேத்து நல்லா தூங்கிச்சா?" "தூங்கிச்சு சிஸ்டர், எட்டு மணி நேரம்." கேஸ் ஷீட்டிலும் அப்படியே பதிவாகிறது.

அந்த எட்டு மணி நேரத்துக்குள் என்ன இருந்தது? ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, கனவுத் தூக்கம் எவ்வளவு, மேலோட்டமான தூக்கம் எவ்வளவு? தூக்க மருந்துகள் நேரத்தை மட்டும் மாற்றுவதில்லை, இந்தப் பங்கீட்டையும் மாற்றுகின்றன. தீக்காயமடைந்த குழந்தைகளிடம் இதை அளந்து பார்த்த ஆய்வுகள் சில உண்டு. அவை சொல்வதை எளிமையாகப் பார்ப்போம்.

ஓர் இரவுக்குள் நான்கு வகைத் தூக்கம்

தூக்கம், சுவிட்சை அணைத்தது போல ஒரே நிலையாக இருப்பதில்லை. மூளை அலைகள், கண் அசைவு, தசைகளின் இறுக்கம் ஆகிய மூன்றையும் வைத்து மருத்துவர்கள் அதை நான்காகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, என்1. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சில நிமிடங்கள். பேருந்தில் தலை ஆடி ஆடி விழுமே, அந்த நிலை.

இரண்டாவது, என்2. லேசான தூக்கம். பெரியவர்களின் இரவில் ஏறக்குறைய பாதி இதுதான்.

மூன்றாவது, என்3. ஆழ்ந்த தூக்கம். மூளை அலைகள் பெரிதாகவும் மெதுவாகவும் ஓடும். வளர்ச்சி ஹார்மோனின் பெரிய சுரப்பு இந்தக் கட்டத்தோடு சேர்ந்தே நடக்கிறது. குழந்தைகளிடம் இந்தப் பகுதி பெரியவர்களைவிட மிக அதிகம். கல்யாண வீட்டிலிருந்து நள்ளிரவில் தோளில் தூக்கிவந்து கட்டிலில் போட்டாலும் ஐந்து வயதுக் குழந்தை கண் திறக்காமல் கிடப்பது இதனால்தான்.

நான்காவது, ரெம் தூக்கம். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இங்கேதான் வரும். உணர்ச்சி சார்ந்த நினைவுகளை மூளை ஒழுங்குபடுத்துவதில் இதற்குப் பங்கு உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் க்ளைட்மனும் 1953-ல் இதைப் பற்றி எழுதினார்கள். அசெரின்ஸ்கி தொடக்கத்தில் மின்முனைகளை ஒட்டிப் பரிசோதித்தவர்களில் அவருடைய எட்டு வயது மகனும் ஒருவன்.

இந்தக் கட்டங்கள் சுற்றுச் சுற்றாக வரும். பெரியவர்களுக்கு ஒரு சுற்று சுமார் 90 நிமிடம், கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியலை நெருங்க நெருங்க ரெம் அதிகம்.

இதை அளக்கும் பரிசோதனைக்குப் பெயர் பாலிசோம்னோகிராபி. தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி இரவு முழுவதும் பதிவு செய்வார்கள். பிறகு 30 விநாடிக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எந்தக் கட்டம் என்று குறிப்பார்கள். எட்டு மணி நேரத் தூக்கம் என்றால் 960 துண்டுகள். 'எட்டு மணி நேரம் தூங்கினான்' என்று கேஸ் ஷீட்டில் இருக்கும் ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு தகவல் இருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு: பழைய ஆய்வுகளில் ஆழ்ந்த தூக்கத்தை 3, 4 என இரண்டு நிலைகளாக எழுதியிருப்பார்கள். 2007-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி இரண்டையும் சேர்த்து என்3 என்று ஆக்கியது. கீழே வரும் ஆய்வுகள் பழைய கணக்கில் எழுதப்பட்டவை.

தீக்காயம் தூக்கத்தை எப்படிக் கலைக்கிறது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது, வலி. ஆனால் அது மட்டும் இல்லை.

பெரிய தீக்காயத்துக்குப் பிறகு உடல் ஓர் அவசர நிலைக்குள் போய்விடுகிறது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்களும் கார்டிசாலும் பல மடங்கு உயர்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் சூடு ஏறுகிறது, படுத்துக் கிடக்கும்போதே உடல் பெரும் சக்தியை எரிக்கிறது, தசை கரைகிறது. பெரிய காயங்களில் இந்த நிலை காயம் மூடிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். 'விழித்திரு' என்று உடல் உள்ளே இருந்து சொல்லிக்கொண்டே இருக்கும்போது ஆழ்ந்த தூக்கம் எப்படி வரும்?

இதோடு வார்டின் நடைமுறை சேர்கிறது. ரத்த அழுத்தம் பார்க்க ஒருமுறை, ரத்தம் எடுக்க ஒருமுறை, ஊசிக்கு ஒருமுறை, மானிட்டர் அலாரம் பலமுறை. மூக்கு வழியாகப் போட்ட குழாயில் இரவிலும் உணவு போய்க்கொண்டிருக்கும். கை, கால் மடங்கி இறுகிவிடாமல் இருக்க ஸ்ப்ளின்ட் கட்டியிருப்பார்கள், திரும்பிப் படுக்க முடியாது. காயம் ஆற ஆற அரிப்பு தொடங்கும். வலியைவிட அரிப்புதான் தாங்க முடியவில்லை என்று சொல்லும் குழந்தைகள் உண்டு.

விளக்கு அணையாத ஐசியுவில் உடலுக்குப் பகல், இரவு வித்தியாசமே தெரியாமல் போகிறது. இரவில் நோயாளிகளின் அறையில் சராசரி ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். அது கிட்டத்தட்டக் கிசுகிசுப்பின் அளவு. ஐசியுக்களில் அளந்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில் இது 50 டெசிபலைத் தாண்டியே இருந்திருக்கிறது.

சின்சினாட்டியில் அளந்தபோது தெரிந்தது

இந்தக் கேள்வியைத் தொடர்ந்து பின்தொடர்ந்தது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டியில் அப்போது இயங்கிய ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனை. அங்கே ஆய்வை முன்னெடுத்தவர்களில் ஒருவர் மிஷெல் காட்ஷ்லிக். அவர் தூக்க மருத்துவர் அல்ல, ஊட்டச்சத்துத் துறை ஆராய்ச்சியாளர். தீக்காயக் குழந்தைகளுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று கணக்கிடுபவர்களுக்கு, அந்த உடல் எப்போது ஓய்வெடுக்கிறது என்பதும் தெரிய வேண்டியிருக்கிறது.

1994-ல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வு, சில குழந்தைகளுக்கு பாலிசோம்னோகிராபி செய்து பார்த்தது. 24 மணி நேரத்தில் அவர்கள் தூங்கிய நிமிடங்களை எல்லாம் கூட்டினால் தூக்கம் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அது துண்டு துண்டான தூக்கம். திரும்பத் திரும்ப விழிப்பு. ஆழ்ந்த தூக்கமும் ரெம் தூக்கமும் குறைந்திருந்தன. மொத்த எண் சரியாக இருந்தது, உள்ளே இருந்த பங்கீடு உடைந்திருந்தது.

அடுத்த கேள்வி இயல்பானது. மருந்து கொடுத்தால் பங்கீடு சரியாகுமா?

2008-ல் அதே மருத்துவமனையிலிருந்து அதற்கான ஆய்வு வந்தது. சீரற்ற முறையில் மருந்தை ஒதுக்கி ஒப்பிடும், கட்டுப்பாடுள்ள ஆய்வு. 40 குழந்தைகள், சராசரியாக உடல் பரப்பில் சுமார் பாதி அளவு தீக்காயம். ஒருவரின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் அவருடைய உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். அப்படியானால் இந்தக் குழந்தைகளின் காயம் ஐம்பது உள்ளங்கை அளவு.

ஒப்பிடப்பட்ட மருந்துகள் இரண்டு. ஒன்று ஸோல்பிடெம், பெரியவர்களின் தூக்கமின்மைக்கு உலகெங்கும் எழுதப்படும் மாத்திரை. இன்னொன்று ஹாலோபெரிடால், அடிப்படையில் மனநோய்க்கான மருந்து. ஐசியுவில் நோயாளி குழம்பி, அலைபாயும் நிலைக்கும் இது பயன்படுத்தப்படுவதுண்டு.

முடிவு இப்படி இருந்தது. ஸோல்பிடெம் ஆழ்ந்த தூக்கத்தையும் ரெம் தூக்கத்தையும் கொஞ்சமே கொஞ்சம் கூட்டியது, மொத்தத் தூக்க நேரத்தைக் கூட்டவில்லை. ஹாலோபெரிடால் மொத்த நேரத்தைக் கூட்டியது. அதோடு கூடியது இரண்டாம் நிலைத் தூக்கம், அதாவது லேசான தூக்கம். இரண்டில் எந்த மருந்தாலும் ஆரோக்கியமான குழந்தையின் தூக்கத்துக்குக் கொண்டுவர முடியவில்லை.

நேரத்தில் ஜெயித்த மருந்து ஆழத்தில் ஜெயிக்கவில்லை. ஆழத்தை லேசாகத் தொட்ட மருந்து நேரத்தைத் தொடவில்லை.

ஸோல்பிடெம் ஏன் நேரத்தைக் கூட்டவில்லை? அது உடலில் நீண்ட நேரம் தங்கும் மருந்தல்ல. பெரியவர்களிடமே சுமார் இரண்டரை மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். குழந்தைகளின் உடல் அதை இன்னும் வேகமாக வெளியேற்றும். இரவு ஒன்பது மணிக்குக் கொடுத்த மருந்து, அதிகாலை இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது காவலுக்கு இருக்காது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது?

டேட்டா சம்பந்தமான வேலை செய்பவர்களுக்குப் பழக்கமான ஒரு பொறி இங்கே இருக்கிறது. புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இது எந்த ஆய்விலிருந்தும் எடுத்தது இல்லை.

முதல் இரவு, மருந்து இல்லை. குழந்தை 400 நிமிடம் தூங்குகிறது. அதில் என்1 80, என்2 200, ஆழ்ந்த தூக்கம் 60, ரெம் 60.

இரண்டாம் இரவு, மருந்து கொடுத்தாயிற்று. 470 நிமிடம் தூங்குகிறது. என்1 75, என்2 290, ஆழ்ந்த தூக்கம் 55, ரெம் 50.

அம்மாவின் பார்வையில் 70 நிமிடம் லாபம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஆழ்ந்த தூக்கமும் ரெம்மும் சேர்ந்து 120 நிமிடத்திலிருந்து 105 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. கூடிய நேரம் முழுவதும், அதற்கு மேலேயும், லேசான தூக்கத்துக்குப் போய்விட்டது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. ஆழ்ந்த தூக்கம் இரண்டு இரவிலும் அதே 60 நிமிடமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நேரம் கூடியதால், அதன் பங்கு 15 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் 'மருந்து ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுத்துவிட்டது' என்று எழுதிவிடுவார். உண்மையில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அதனால் நிமிடங்களும் வேண்டும், சதவீதமும் வேண்டும். எத்தனை முறை விழித்தது என்ற எண்ணும் வேண்டும்.

லேசான தூக்கம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். நினைவாற்றலில் என்2-வுக்கும் பங்கு உண்டு. விடிய விடிய விழித்து அழுத குழந்தைக்கு, தொடர்ச்சியாகக் கிடைக்கும் இரண்டு மணி நேர லேசான தூக்கமும் நிம்மதிதான். நேரம் கூடியதை வைத்தே 'தூக்கம் சரியாகிவிட்டது' என்று முடிவுகட்டக் கூடாது, அவ்வளவுதான்.

வார்டில் இருக்கும் மற்ற மருந்துகள்

தீக்காய வார்டில் ஒரு குழந்தைக்குத் 'தூக்க மருந்து' என்ற பெயரில் வருவது ஒன்றிரண்டுதான். தூக்கத்தைத் தொடும் மருந்துகளோ பல.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலி நிவாரணிகள்: ஆழ்ந்த தூக்கத்தையும் ரெம் தூக்கத்தையும் குறைத்து, லேசான தூக்கத்தைக் கூட்டும் தன்மை உள்ளவை.

மிடாசோலம், லோராசிபாம் போன்ற பென்சோடயசிபைன்கள்: பதற்றத்தைக் குறைத்துச் சீக்கிரம் தூங்க வைக்கும். பதிலுக்கு என்2-வைக் கூட்டி, ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும். ஐசியுவில் குழப்ப நிலை, அதாவது டெலிரியம், வரும் வாய்ப்பையும் கூட்டுவதாக அறியப்பட்டவை.

கெட்டமின்: வலி மிகுந்த டிரெஸ்ஸிங் மாற்றும்போது கொடுக்கப்படும் மருந்து. இதைப் பகலில் கொடுத்தால் அன்றிரவுத் தூக்கத்தில் என்ன ஆகிறது என்று சின்சினாட்டி குழு 2011-ல் ஆராய்ந்தது. ரெம் தூக்கம் குறைந்திருந்தது. பகலில் கொடுத்த மருந்தின் நிழல் இரவு வரை நீள்கிறது.

டெக்ஸ்மெடெடோமிடின்: மூளையின் இயல்பான தூக்கப் பாதை வழியாக வேலை செய்வதால், இது தரும் மயக்கத்தின் மூளை அலைகள் இயற்கைத் தூக்கத்தை ஓரளவு ஒத்திருக்கும். ஆனால் இதிலும் ரெம் குறைகிறது.

அரிப்புக்கான ஹைட்ராக்ஸிசின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற ஆன்டிஹிஸ்டமின்கள்: தூக்கக் கலக்கம் தரும், ஆனால் சில நாட்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். சில குழந்தைகளிடம் நேர்மாறாகத் துறுதுறுப்பைக் கிளப்பும்.

மெலடோனின்: இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன். தூக்கம் வர ஆகும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கும், கட்டங்களின் பங்கீட்டைப் பெரிதாகக் கலைப்பதில்லை. வலியாலும் அலாரத்தாலும் கலையும் தூக்கத்தை இதனால் மட்டும் காப்பாற்ற முடியாது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். மயக்கமும் தூக்கமும் ஒன்றல்ல. கண் மூடி அசையாமல் கிடப்பது வெளியிலிருந்து பார்க்க இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூளை அலைகளைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆழ்ந்த தூக்கம் போனால் என்ன போகும்?

வளரும் உடலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உடல் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் தீக்காயம் ஏற்பட்ட குழந்தைகளின் உயர வளர்ச்சி, காயத்துக்குப் பிறகான ஓரிரு ஆண்டுகளில் பின்தங்குவதை டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் ஆய்வாளர்கள் 1990-லேயே பதிவு செய்தார்கள். உடலின் அவசர நிலை அதற்கு முக்கியக் காரணம். வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் நேரமான ஆழ்ந்த தூக்கமும் அதே குழந்தைகளிடம்தான் குறைகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வருவதால்தான் ஆய்வாளர்கள் தூக்கத்தைத் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்காக 'ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டினால் காயம் இத்தனை நாள் முன்னதாக ஆறிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி நிரூபித்த மருந்து ஆய்வு எதையும் இந்தக் கட்டுரை ஆதாரமாகக் காட்டவில்லை. 2008 ஆய்வு அளந்தது தூக்கத்தைத்தான்.

ரெம் தூக்கத்தின் கதை மனதோடு சேர்ந்தது. காயம் ஆறி வீடு திரும்பிப் பல மாதங்கள் ஆன பிறகும் கெட்ட கனவு, தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது போன்றவை தீக்காயக் குழந்தைகளிடம் தொடர்வதை 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ரெம் தூக்கத்தை அடக்கிவைக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கிவைத்த ரெம் ஒரேயடியாகத் திரும்ப வரும். அப்போது கனவுகளும் கடுமையாக வரலாம். நீண்ட நாள் கொடுத்த ஓபியாய்டுகளையும் பென்சோடயசிபைன்களையும் மருத்துவர்கள் படிப்படியாகக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ வலி மருந்தைக் குறைத்துவிடலாமா?

இதுவரை படித்ததும் சிலருக்கு இந்த எண்ணம் வரலாம். பதில்: கூடாது.

தூக்கத்தின் முதல் எதிரி வலிதான். மான்ட்ரியலில் தீக்காயமடைந்த பெரியவர்களிடம் செய்யப்பட்டு 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று, சரியாகத் தூங்காத இரவுக்கு அடுத்த நாள் வலி அதிகமாக இருந்ததைக் காட்டியது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது. இந்தச் சுழலில் வலி மருந்தைப் பிடுங்கினால் சுழல்தான் வேகமாகும்.

பாஸ்டனில் தீக்காயக் குழந்தைகளிடம் நடந்து, அதே 2001-ல் வெளியான இன்னொரு ஆய்வு வேறொரு கோணத்தைத் தருகிறது. மருத்துவமனையில் இருந்தபோது அதிக அளவு மார்ஃபின் பெற்ற குழந்தைகளிடம், அடுத்த ஆறு மாதங்களில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகமாகக் குறைந்தன. இருபத்து நான்கே குழந்தைகள் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் மார்ஃபின் ரெம்மைக் குறைக்கிறது என்ற ஒரு வரியை வைத்து அதை வில்லனாக்க முடியாது என்பதை இது காட்டுகிறது. ஒரு மருந்தின் நன்மையையும் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மருந்துக்கு முன்னால் செய்யக்கூடியவை

தூக்கத்தைக் கலைக்கும் காரணங்களில் ஒரு பகுதி வார்டின் பழக்கங்களில் இருக்கிறது. அவற்றை மாற்ற மருந்துச் சீட்டு தேவையில்லை.

இரவில் ரத்த அழுத்தம், ஊசி, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்யாமல் ஒரே வருகையில் சேர்த்துச் செய்யலாம். குழந்தைக்கு இடையில் இரண்டு மணி நேரம் முழுதாகக் கிடைத்தால், ஒரு தூக்கச் சுற்று முழுமை பெற வழி கிடைக்கும்.

பகலில் ஜன்னல் திரையைத் திறந்து, இரவில் பெரிய விளக்குகளை அணைத்தால் உடலுக்கு நேரம் தெரியும். கட்டிலருகே போனில் வீடியோ ஓடுவதும் வெளிச்சக் கணக்கில்தான் சேரும்.

வலி மருந்தின் வீரியம் நள்ளிரவில் தீர்ந்துபோகாதபடி நேரத்தை அமைக்கலாம். அரிப்புக்குத் தனியாக மருந்தும் ஈரப்பதம் தரும் களிம்பும் கேட்கலாம். அம்மாவோ அப்பாவோ பாட்டியோ பக்கத்தில் இருப்பது, வீட்டில் கேட்ட அதே பாட்டு, அதே கதை என்று படுக்கைக்கு முன் ஒரு பழக்கம் இருப்பது எல்லாம் குழந்தையின் பயத்தைக் குறைக்கும்.

இந்தியாவில் நமக்கு ஏன் இது முக்கியம்?

இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமானோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயத்துக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தைகளைப் பொறுத்தவரை தீயைவிடச் சூடான திரவம்தான் பெரிய ஆபத்து. தரையில் வைத்த வெந்நீர் வாளி, மேசை விளிம்பில் இருக்கும் டீ, அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார்ச் சட்டி எல்லாம் ஒரு நொடியில் விபத்தாகிவிடும்.

தீக்காய வார்டில் பாலிசோம்னோகிராபி என்பது பணக்கார நாடுகளிலும் வழக்கமான பரிசோதனை இல்லை. தலையிலும் முகத்திலும் காயம் இருந்தால் மின்முனை ஒட்டவே இடம் இருக்காது. ஒட்டுவதற்கான தோலை உச்சந்தலையிலிருந்து எடுத்திருந்தாலும் அதே கதைதான். கைக்கடிகார வகைக் கருவிகள் அசைவை வைத்துத் தூக்கத்தைக் கணிப்பவை. ஸ்ப்ளின்ட் போட்டு அசைய முடியாமல் விழித்திருக்கும் குழந்தையை அவை தூங்குவதாகவே எண்ணிவிடலாம். அதனால் பக்கத்தில் இருப்பவர் எழுதிவைக்கும் குறிப்பு இங்கே மதிப்புள்ள தரவு.

வீடு திரும்பிய பிறகு இன்னொரு ஆபத்து இருக்கிறது. 'எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்க்கலாமே' என்ற யோசனை. தயவுசெய்து வேண்டாம். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடும் தூக்கமின்மையும் உள்ள 6 முதல் 17 வயது வரையிலான 201 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஸோல்பிடெம் அவர்களைச் சீக்கிரம் தூங்க வைக்கவில்லை. ஆனால் சுமார் 7 சதவீதம் பேருக்கு இல்லாத ஒன்று இருப்பது போன்ற மாயத் தோற்றங்கள் வந்தன. ஹாலோபெரிடாலுக்கும் கழுத்து, தாடைத் தசைகள் திடீரென இழுத்துக்கொள்வது, இதயத் துடிப்பின் தாளம் மாறுவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. ஸோல்பிடெம் நம் நாட்டில் அட்டவணை எச்1 பட்டியலில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடுகள் சும்மா வரவில்லை.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒரு குழந்தை இந்த நிலையில் இருந்தால், 'தூக்க மருந்து கொடுங்க' என்பதற்கு முன்னால் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

குழந்தை விழிப்பது வலியாலா, அரிப்பாலா, பயத்தாலா, சத்தத்தாலா?

இப்போது போகும் மருந்துகளில் எதெல்லாம் தூக்கத்தைப் பாதிக்கும்? கொடுக்கும் நேரத்தை மாற்ற முடியுமா?

புதிதாகத் தூக்க மருந்து கொடுத்தால் எத்தனை நாளைக்கு? எப்போது, எப்படி நிறுத்துவோம்?

இரவு வேலைகளைச் சேர்த்துச் செய்து இரண்டு, மூன்று மணி நேரம் தொந்தரவு இல்லாமல் விட முடியுமா?

கூடவே ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: எப்போது தூங்கியது, எத்தனை முறை விழித்தது, ஒவ்வொரு முறையும் ஏன், மறுநாள் பகலில் எப்படி இருந்தது. மறுநாள் காலை நர்ஸ் வந்து "நல்லா தூங்கிச்சா?" என்று கேட்கும்போது 'எட்டு மணி நேரம்' என்று சொல்வதைவிட, "எட்டு மணி நேரம் சிஸ்டர், ஆனா பதினொரு தடவை எழுந்திருச்சு, ஏழு தடவை அரிப்புனால" என்று சொன்னால் போதும். அடுத்த இரவுக்கு எந்த மருந்து வேண்டும், மருந்தே வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்ய அந்த ஒரு வரி நிறைய உதவும்.